எண்ணெய் ஊற்றக் கூடாத இடம்

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் லிஃப்ட்டுக்காரரை முதலில் வரவேற்பது அவர் மனைவியின் மூக்குதான். ஷூவின் முடிச்சை அவிழ்க்க அவர் குனியும்போதே, சட்டையின் தோள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். "ஆஸ்பத்திரி லிஃப்ட். கியர் ஆயில் மாத்தியிருக்கீங்க." இன்னொரு நாள், "துணிக்கடை. கீழ்த்தளத்துல தண்ணி நிக்குது, இல்ல?" பதினெட்டு வருஷத்தில் அவள் தடுமாறியது ஒரே ஒரு முறை. அன்று அவர் மழையில் நனைந்து, கூட்டாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "உங்க வாசனையே இல்லையே, யாருங்க நீங்க?" என்று வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள்.

அவர்கள் கல்யாணத்துக்கே அந்த மூக்குதான் தரகர். அப்போது அவள் தம்பியோடு ஓர் ஆறாவது மாடி வீட்டில் குடியிருந்தாள். லிஃப்ட்டில் ஏதோ கருகுகிறது என்று மூன்று நாளாகக் காவலாளியிடம் சொல்லியும், "பக்கத்து வீட்டுல பால் தீஞ்சிருக்கும்மா" என்ற பதில்தான் கிடைத்தது. நான்காம் நாள், அவள் உள்ளே இருக்கும்போதே, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தவர் இவர். வெளியே வந்தவள் நன்றி சொல்லவில்லை. "மோட்டார் கருகுதுன்னு மூணு நாளா கத்துறேன். உங்களுக்கெல்லாம் மூக்கு எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டிக்கவா?" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். அவர் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தார். மோட்டாரின் கம்பிச்சுருள் கருகித்தான் இருந்தது. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் படியிறங்கி வந்து, அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க சொன்னது சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம்.

அவர் அதிகம் பேசாதவர். லிஃப்ட் வேலை அப்படிப்பட்டது. ஒருவர் மேலே இருட்டில், இன்னொருவர் கீழே பள்ளத்தில். நடுவில் பன்னிரண்டு மாடி வெறும் காற்று. தேவையான சொல்லை மட்டும்தான் கத்துவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தக் காற்றில் தொங்கித் தொங்கி, வீட்டிலும் அவருக்கு அதே வழக்கம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் கம்பெனியில் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடச் சொன்னார்கள். போட்டார். கையில் டப்பா, டப்பாவில் மிச்சம். சும்மா விடுவானேன் என்று மேலே சக்கரத்தைச் சுற்றி ஓடும் எஃகுக் கயிற்றுக்கும் தாராளமாகப் பூசிவிட்டார். தண்டவாளம் வழுக்க வேண்டும். கயிறு வழுக்கக் கூடாது. சக்கரத்தைக் கவ்விப் பிடித்தால்தான் லிஃப்ட் நிற்கிற இடத்தில் நிற்கும். மறுநாள் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சாண் தள்ளித் தள்ளி நின்றது. ஜனங்கள் குதித்து இறங்கினார்கள். ஆறு கயிற்றையும் முழம் முழமாகத் துணியால் துடைத்தெடுக்க அவருக்கு ஒரு முழு நாள் பிடித்தது. இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரமே மனைவியிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எதைத் தொட்டுக் கெடுத்தாலும், "துணி வேணுமாங்க?" என்பதுதான் அவள் கிண்டல்.

அவள் வேலையும் மூக்கை நம்பித்தான். பக்கத்துத் தெரு ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு. தினமும் பதினாறு டப்பா. வீட்டில் அளவுக் கரண்டி கிடையாது. அடுப்பில் இருப்பதை ருசி பார்க்கும் பழக்கமும் கிடையாது. துணி மடித்துக்கொண்டே, டப்பா துடைத்துக்கொண்டே, அடுத்த அறையிலிருந்து அவரிடம், "வெங்காயம் போதும், அணைச்சிருங்க" என்பாள். அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால் வெங்காயம் பொன்னிறமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று.

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் எழுந்து சோப்பை எடுத்து முகர்ந்தாள். கல்லை முகர்ந்ததுபோல் இருந்தது. சளி போனால் சரியாகிவிடும் என்றார்கள். சளி போயிற்று. வாசனை வரவில்லை. இரண்டாவது வாரம், டப்பா வேலையை மறுபடி தொடங்கலாம் என்று அடுப்பில் பால் வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரத்தின் அடி செந்தணலாகி, புகை கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டு வரை போய்விட்டது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா கதவை இடித்து உடைக்காத குறையாகத் தட்டித்தான் காப்பாற்றினார். அன்று மாலை லிஃப்ட்டுக்காரர் வந்தபோது, அந்தக் கரிப் பாத்திரம் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. அவள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். "இனிமே அடுப்பைத் தொட மாட்டேங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

அதற்குப் பிறகு கடைச் சாப்பாடு. அதையும் நாலு கரண்டி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "அட்டையை ஊற வெச்சுச் சாப்பிடுற மாதிரி இருக்குங்க." அவர் எண்ணிக்கொண்டே இருந்தார், நாலு கரண்டிதான், சில நாள் மூன்று. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஏழாவது வாரம் டாக்டர் அவளை எடைக்கருவியில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இவரிடம் தனியாகச் சொன்னார்: "மூக்கு வரும். மூணு மாசமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் பட்டினி கிடக்க முடியாதே. ஏற்கெனவே ஏழு கிலோ போயிருச்சு. பதினஞ்சு நாள்ல கூட்டிட்டு வாங்க. இன்னும் குறைஞ்சிருந்தா படுக்க வெச்சு டிரிப்ஸ்தான்."

பதினைந்து நாள். நோயாளிகளைப் படுக்கை படுக்கையாக ஏற்றி இறக்கும் லிஃப்ட்டைப் பல வருஷமாகப் பார்த்து வருபவர் அவர். அந்தப் படுக்கையில் அவளைப் படுக்கவைத்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் வேலையில் ஸ்பேனரை இரண்டு முறை கீழே போட்டார். அவருடைய கூட்டாளிக்குத் 'திருகாணி' என்று பேர். ஒல்லி உடம்பு, பெரிய தலை, ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"அண்ணே, மூணாவது தடவை போட்டா என் தலையில விழும். சொல்லிட்டேன்" என்று பள்ளத்திலிருந்து கத்தினார் திருகாணி. மேலே வந்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அண்ணிக்கு வாசனை வரலைன்னே ரெண்டு மாசமா புலம்புறீங்க. ஒரு லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"எது ஓடுதுன்னு பார்ப்பேன்."

"ம்?"

"லைட்டு எரியுதா, ஃபேன் சுத்துதா, கதவு மூடுதா, எல்லாம் பார்த்துக் கழிச்சுட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டார். திருகாணி டீ வாங்கப் போனார். தான் சொன்னது அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். அவர் டீயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

அன்றிலிருந்து லிஃப்ட்டுக்காரர் மனைவியை வேறு மாதிரிக் கவனித்தார். கேள்வி கேட்கவில்லை. கேட்டால் "ஒண்ணுமே தெரியலைங்க" என்றுதான் பதில் வரும். தட்டில் எதையாவது வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பதுபோல் பார்த்தார். வெள்ளரிக்காயில் உப்புத் தூவி வைத்தார். மூன்று துண்டு போயிற்று. உப்பில்லாமல் வைத்தார், அப்படியே இருந்தது. எலுமிச்சைச் சாறு ஊற்றிய தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தாள். சுளித்த முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். மிளகு போட்ட முட்டையைத் தின்றுவிட்டு நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கினாள். மொறுமொறு பிஸ்கட்டைச் சத்தத்துக்காகவே கடிக்கிறாளோ என்று தோன்றியது. ரிப்பேர்ச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார்:

உப்பு - ஓடுது. புளிப்பு - ஓடுது. மிளகு - நல்லா ஓடுது. சூடு, குளிர்ச்சி - ஓடுது. மொறுமொறு, வழவழ - ஓடுது. வாசனை - நின்னிருக்கு.

பார்த்தால், நின்றது ஒன்று, ஓடுவது இத்தனை.

அந்தச் சீட்டைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். அவள் தம்பி ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"மாமா, இது என்ன, அக்காவுக்கு சர்வீஸ் ரிப்போர்ட்டா?"

"விளையாடாதே மச்சான். இதெல்லாம் ஒரே தட்டுல வர்ற மாதிரி ஏதாவது இருக்கா? நான் பண்ணணும்."

"நீங்களா?"

"நானேதான்."

மறுமுனையில் பாத்திரங்கள் மோதும் ஒலி கேட்டது. "கிரீம் பாஸ்தா பண்ணுங்க மாமா. இருபது நிமிஷ வேலை. வழவழன்னு இருக்கும், உப்பு இருக்கும். மிளகை இடிச்சுப் போடுங்க, கடைசில எலுமிச்சை. மேல மொறுமொறுப்புக்கு ரஸ்க்கை நொறுக்கி வெண்ணெயில வறுத்துத் தூவுங்க. நாளைக்கு ஆறு மணிக்கு எனக்குக் கொஞ்சம் இடைவேளை இருக்கு, வீடியோவுல வர்றேன். அதுக்கு முன்னாடி எதையும் தொட்டுராதீங்க."

தொட்டுவிட்டார் என்பதுதான் கதை.

மறுநாள் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வழியில் கடையில் வாங்கியது: குழாய் மாதிரிப் பாஸ்தா ஒரு பாக்கெட், கிரீம் இரண்டு டப்பா, வெண்ணெய், ஒரு கட்டிச் சீஸ், பூண்டு, எலுமிச்சை, ரஸ்க். மனைவி ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ராத்திரிச் சாப்பாடு."

"யாரு பண்றது?"

"நான்."

"சரிதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பு இருக்கிற அறைக்குள் அவள் வந்து ஐந்து வாரமாகிறது. தண்ணீர்கூட ஹால் குழாயில்தான் பிடிக்கிறாள்.

ஆறு மணிவரை சும்மா நிற்க அவர் கைக்குத் தெரியவில்லை. பாக்கெட்டின் பின்னால் படம் போட்டு விளக்கியிருந்தது: தண்ணீர், உப்பு, பதினொரு நிமிஷம். இதுகூடவா தெரியாது என்று பாதிப் பாக்கெட்டைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினார். பதினோராம் நிமிஷம் தண்ணீரை மொத்தமாகத் தொட்டியில் சாய்த்து வடித்தார். ஆவி கண்ணாடியை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒட்டுகிற சாமானைக் கண்டால் லிஃப்ட்டுக்காரருக்குக் கை அரிக்கும். பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசினார். அலசியும் மனம் ஆறவில்லை. எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றினார். குலுக்கினார். ஒவ்வொரு குழாயும் தனித்தனியாக, பளபளவென்று, புதுசாகக் கிரீஸ் போட்ட பேரிங்போல் உருண்டது. அவருக்குப் பரம திருப்தி.

இன்னொரு சட்டியில் வெண்ணெயை உருக்கி, பூண்டு போட்டு, கிரீம் ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டார். அது பாட்டுக்கு நன்றாகத்தான் வந்தது. பாஸ்தாவை அதில் கொட்டிக் கிளறினார். வெள்ளைக் குழம்பு குழாய்களின் மேல் ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியது. மறுபடி கிளறினார். மறுபடி இறங்கியது. சட்டிக்கு அடியில் கிரீம் ஒரு குட்டையாகத் தேங்கி நிற்க, மேலே பாஸ்தா மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நனையாமல் நின்றது.

சரியாக அப்போது ஃபோன் அடித்தது. சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தார். திரையில் மச்சான் முகம், வெள்ளைத் தொப்பியோடு.

"தண்ணி வெச்சாச்சா மாமா?"

லிஃப்ட்டுக்காரர் சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

மச்சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஏன் இப்படி மினுக்குது? மாமா... எண்ணெய் ஊத்தினீங்களா?"

"கொஞ்சம்."

"அலசினீங்களா?"

"ம்."

"வேக வெச்ச தண்ணி?"

"கொட்டிட்டேன்."

"போச்சு! அந்தத் தண்ணிதான் மாமா பசை. பாஸ்தாவோட மாவு அதுலதான் இறங்கியிருக்கும். அதுல ஒரு கரண்டி ஊத்தினாத்தான் கிரீம் போய் பாஸ்தாவைக் கட்டிப்பிடிக்கும். அதைக் கொட்டிட்டு, மேல இருக்கிற மாவையும் அலசிட்டு, போதாக்குறைக்கு எண்ணெய் வேறயா? இது என்ன உங்க லிஃப்ட் தண்டவாளமா?"

லிஃப்ட்டுக்காரர் சட்டியைப் பார்த்தபடி நின்றார். காது சிவந்துவிட்டது. "தண்டவாளம் இல்ல மச்சான்" என்றார் மெதுவாக. "கயிறு."

"என்னது?"

"கயித்துக்கு எண்ணெய் போட்டுட்டேன். மறுபடியும்."

அப்போது ஹாலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"துணி வேணுமாங்க?"

லிஃப்ட்டுக்காரர் திரும்பினார். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். "ஒவ்வொண்ணா எடுத்துத் துடைங்களேன். எத்தனை இருக்கும், ஒரு இருநூறு? ராத்திரிக்குள்ள முடிச்சிரலாம்" என்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடி ஓடி வர, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அக்கா சிரிக்கிறாளா? மாமா, ஃபோனைத் திருப்புங்க, திருப்புங்க" என்று மச்சான் கத்தினான். அதற்குள் அவன் பின்னால் யாரோ ஏதோ சொல்ல, "ஆர்டர் வந்துருச்சு. மாமா, மிச்சப் பாக்கெட் இருக்குல்ல? எண்ணெய் வேண்டாம், அலச வேண்டாம், ஒரு கப் தண்ணியை எடுத்து வெச்சுட்டு வடிங்க. அவ்வளவுதான்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு மறைந்தான்.

சர்க்கரை டப்பாமேல் ஃபோன் இருண்டது. எண்ணெய்ப் பாஸ்தாவை ஒரு கிண்ணத்தில் மாற்றி மூடி வைத்தார். மறுபடி தண்ணீர் வைத்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"தண்ணி கொதிக்கலை இன்னும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"சத்தம். முதல்ல உர்ருன்னு வரும். அப்புறம் சத்தம் அடங்கிப் புரளும். அப்பதான் கொதி." கொஞ்சம் நிறுத்தி, "பால் வெச்ச அன்னைக்குக் காதையும் எங்கேயோ வெச்சுட்டேன்" என்றாள்.

இருவருமாகச் சத்தத்தைக் கேட்டார்கள். உர்ரென்று இருந்தது புரளத் தொடங்கியபோது, "இப்ப" என்றாள். பாஸ்தாவைக் கொட்டினார். கொட்டிவிட்டுத் திரும்பினால், அவள் வாசற்படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வந்திருந்தாள். அவர் கவனிக்காததுபோல் ரஸ்க்கை நொறுக்க ஆரம்பித்தார்.

வெண்ணெய் உருகியது. பூண்டைப் போட்டதும் சடசடவென்று வெடித்தது. அவள் உடம்பு சட்டென்று பின்வாங்கியது.

"கருகிரும்ங்க. கருகினா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"என்ன வாசனை வருது?"

"பூண்டு வாசனை."

"பூண்டைப் போட்டா பூண்டு வாசனைதான் வரும், கத்திரிக்காய் வாசனையா வரும்? எப்படி வருதுன்னு சொல்லுங்க. பச்சையா இருக்கா, குத்துதா, இனிக்குதா?"

லிஃப்ட்டுக்காரர் வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையன்போல் விழித்தார். வாசனையைச் சொல்வதெல்லாம் இத்தனை வருஷமும் அவள் இலாகா. அவருக்கு அதில் இரண்டே சொல்தான் தெரியும்: நல்லா இருக்கு, நல்லா இல்ல. கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சட்டிமேல் குனிந்தார்.

"குத்துது. மூக்குக்குள்ள ஸ்க்ரூ டிரைவர் மாதிரி."

"அப்ப இன்னும் பச்சை. கிளறுங்க. சத்தம் கொஞ்சம் அடங்குதா?"

"அடங்குது."

"இப்ப?"

"இப்ப..." அவர் யோசித்தார். நெற்றி வேர்த்தது. "லிஃப்ட்டுல ஒரு பொண்ணு சென்ட்டுப் போட்டுட்டு இறங்கிப் போயிருவா பாரு. உடனே ஏறினா தலை வலிக்கும். ஆனா கதவு மூடி ரெண்டு மாடி ஏறினப்புறம், மெல்லிசா, நல்லா இருக்குமே. அந்த மாதிரி."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க அந்தப் பொண்ணு?"

"அய்யோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"ரெண்டு மாடி வரைக்கும் கணக்கு வெச்சிருக்கீங்க." சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டாள். கிரீம் டப்பாவை அவளே திறந்தாள். "இதான் பதம். தள்ளுங்க."

கிரீம் விழுந்ததும் சட்டி அமைதியானது. சீஸ் கரைந்தது. பாஸ்தா வெந்ததும், அவர் முதல் வேலையாக ஒரு கப் தண்ணீரை மொண்டு, ஜாக்கிரதையாக மேடைமேல் வைத்தார். மங்கலாக, வெளுத்து, தூக்கிக் கொட்டத் தோன்றுகிற தண்ணீர். வடித்த பாஸ்தாவை அப்படியே சட்டியில் போட்டு, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் கிளறினார். முதலில் எல்லாம் நீர்த்துப் போனதுபோல் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கிளறுங்க, நிறுத்தாதீங்க" என்றாள். கிளறக் கிளறக் குழம்பு திரண்டது. ஒவ்வொரு குழாயையும் சுற்றிப் பிடித்தது, உள்ளேயும் நுழைந்தது. கரண்டியைத் தூக்கினால் கூடவே வந்தது. சட்டியின் அடி சுத்தமாகத் தெரிந்தது.

"கவ்விருச்சு" என்றார் லிஃப்ட்டுக்காரர். இருபத்தாறு வருஷத்தில் லிஃப்ட் சரியாக மாடித் தரைக்கு வந்து நிற்கும்போதெல்லாம் அவர் சொல்லும் சொல் அது.

மிளகை இடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, வறுத்த ரஸ்க்கை மேலே தூவி, இரண்டு தட்டில் எடுத்துவந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்க் கட்டட ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. அவள் முதல் கரண்டியை வாயில் வைத்தாள். அவர் தன் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூண்டு வாசனை இல்லைங்க" என்றாள். "சீஸ் வாசனையும் இல்ல."

அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள். மென்றாள். "ஆனா மேல மொறுமொறுன்னு இருக்கு. அப்புறம் சட்டுனு வழவழன்னு. கதவைத் திறந்து வேற ரூமுக்குள்ள போற மாதிரி." மூன்றாவது. "உப்பு தெரியுது. எலுமிச்சை ஓரத்துல வந்து கிள்ளுது." நாலாவது கரண்டிக்குப் பிறகு கையைக் கீழே வைத்தாள்.

அவர் எண்ணிக்கை நாலில் நின்றது.

"மிளகு கடிக்குதுங்க" என்று தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள். மறுபடி கரண்டியை எடுத்தாள். "நல்லா கடிக்குது. இருக்கட்டும்."

ஐந்து. ஆறு. பதினொன்று வரைக்கும் அவர் எண்ணினார். அதற்குமேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று, ஏனென்றால், "உங்க தட்டு ஆறுது. சாப்பிட்டு வாசனை எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எனக்குப் பதிலா நீங்கதான் மோந்து பார்க்கணும்" என்று அவள் அதட்டினாள். அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொல்ல முயன்றார். சீஸ் வாசனைக்கு, புது ஷூவைத் திறந்து பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். "ஏன் கெடுக்குறீங்க, ஒழுங்கா இறங்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் ரஸ்க் துகள்களை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

எண்ணெய்ப் பாஸ்தா மறுநாள் அவருடைய மதிய டப்பாவில் போயிற்று. திருகாணி பாதியைப் பிடுங்கித் தின்றார். "நல்லாத்தானே அண்ணே இருக்கு. மெல்லவே வேண்டாம், அதுபாட்டுக்கு வழுக்கிட்டு உள்ள போயிருது. சர்வீஸ் பண்ண பாஸ்தா" என்றார்.

பதினைந்தாம் நாள் டாக்டர் அவளை எடைக்கருவியில் நிறுத்தினார். முள் கொஞ்சம் ஆடி, போன தடவையைவிட அறுநூறு கிராம் கூடித் தள்ளி நின்றது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "பாஸ்தாங்க. வாரத்துல நாலு நாள்" என்றாள் அவள். "டிரிப்ஸ் வேண்டாம். பாஸ்தாவே போகட்டும்" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசனை இன்னும் வரவில்லை. சோப்பு கல்லாகத்தான் இருக்கிறது. பதினாறு டப்பாக்களும் அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்து கிடக்கின்றன. அடுப்பை அவள் பற்றவைக்கிறாள். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது மட்டும்.

அவளுக்குப் பதிலாக முகர்ந்து பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டதால் லிஃப்ட்டுக்காரர் இப்போது வேலையில் கொஞ்சம் நேரம் அதிகம் எடுத்துக்கொள்கிறார். மோட்டார் அறையில், பள்ளத்தில், மாடிக்கு மாடி கதவு திறக்கும்போது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கிறார். "அண்ணே, தூங்குறீங்களா?" என்று கீழிருந்து திருகாணி கத்துகிறார்.

நேற்று மாலை கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். ஷூவின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். பழக்கம் விடவில்லை, அவள் தோள்பக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து, காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்" என்றார் அவர், குனிந்தபடியே. "கியர் ஆயில். பழசு, கொஞ்சம் இனிப்பாக் கெட்டுப்போயிருந்துச்சு. அப்புறம் மருந்து போட்டுத் துடைச்ச தரை. ஒன்பதாவது மாடியில யாரோ ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டுப் போயிருக்காங்க."

"தோல் புதுசா, காஞ்சதா?"

"புதுசு. இப்பதான் உரிச்சது. கண்ணுல தெறிக்குமே, அந்த மாதிரி."

அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"தண்ணி வெச்சுட்டேன். இன்னும் உர்ருன்னுதான் இருக்கு, படிக்கட்டுல உங்க ஷூச் சத்தம் கேட்டப்புறம்தான் பத்தவெச்சேன்" என்றாள். "கையைக் கழுவிட்டு வந்து பூண்டு பக்கத்துல நில்லுங்க."